நாங்கள் செத்துப்போயிருந்த வாரம்

ரேவதிக்கு,

கையில் காபி இருந்தால் முதலில் குடித்துவிடு, ஆறிப்போகும். இது கொஞ்சம் நீளமான கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், நடுவில் மாப்பிள்ளை வந்து "மாமா, நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க" என்பார், நானும் "சரி மாப்ள" என்று வைத்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை அதுதானே நடந்தது? வீடியோவில் அந்த அறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாய். மஞ்சள் பெயிண்ட், புதுக் கட்டில், சுவரில் ஒரு கப்பல் படம். "அண்ணனுக்கு ரூம் ரெடிப்பா. பொங்கல் முடிஞ்சதும் ரெண்டு பேரும் கெளம்பி வந்துடுங்க" என்றாய். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தாசு கோயம்புத்தூருக்குக் குடிவர மாட்டான் அம்மா. நான் அனுப்பப் போவதில்லை. அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

இன்னொன்று. தாசு போகிற சென்டரில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது கரீம் பாய் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், என்னைக் காட்டி, "நைனா பொண்ணுக்கு லெட்டர் எய்திகினு கீறாரு" என்று எல்லார் எதிரிலும் போட்டு உடைத்துவிட்டார். இப்போது அங்கே வருகிற அப்பா அம்மாக்கள் எல்லாரும் ஆளுக்கொரு நகல் கேட்கிறார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு தாசு இருக்கிறான், முக்கால்வாசிப் பேர் வீட்டில் உன்னைப் போல ஒரு தங்கையோ தம்பியோ இருக்கிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே சில இடங்களில் திரும்பச் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. ஹார்பரில் கிரேன் ஏணியை ஏறி இறங்கியே தேய்ந்த முழங்கால், இப்போது நம் திருவொற்றியூர் வீட்டின் நாலு படிக்கே கெஞ்சுகிறது. வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்பார்களே, எனக்கு இரண்டு பேச்சும் நன்றாகவே காதில் விழுகிறது. உன் அண்ணனுக்கு நாற்பது நெருங்குகிறது. உடம்பு வளர்ந்த வேகத்துக்கு மூளை வளரவில்லை என்று அவன் குழந்தையாக இருந்தபோது டாக்டர் சொன்னார். இன்றைக்கும் அவனுக்கு வாயில் வருவது ஒற்றை ஒற்றை வார்த்தைதான். அவனைக் காலையில் எழுப்பி, பல் தேய்க்க வைத்து, தலைக்கு ஊற்றி, சவரம் செய்து, பொத்தான் போட்டு, காகிதக் கவர் ஒட்டுகிற சென்டரில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துவருவது இத்தனை வருஷமும் என் வேலை. உன் அம்மா போன பிறகு அது அநேகமாக ஒரு நாளும் நின்றதில்லை. அலுத்துவிட்டது ரேவதி. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் "பெத்த புள்ளயப் பாக்க அலுப்பா?" என்று கேட்பார்கள். ஆமாம், அலுப்புதான். பாசமும் அலுப்பும் என்னிடத்தில் ஒரே பாயில்தான் படுத்துக்கொள்கின்றன.

ஆனால் என்னை உசுப்பியது அலுப்பு இல்லை. போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். சாதாரணக் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னேன். சாதாரணக் காய்ச்சல்தான், ஆனால் ஒரு நாள் காலையில் படுத்தவன் கண் விழிக்கவே இல்லை. விழித்தபோது வெளிச்சம் சாய்ந்துவிட்டது. தாசு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். பல் தேய்க்கவில்லை, லுங்கி நனைந்து காய்ந்திருந்தது. அடுப்பு மேடையில் இட்லி இருந்தது, எடுத்துச் சாப்பிடவில்லை. கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது, திறந்து பக்கத்து வீட்டில் யாரையும் கூப்பிடவில்லை. நான் "சாப்பிடு" என்று சொல்லவில்லை, அதனால் அவன் சாப்பிடவில்லை. நான் ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லையென்றால் அவன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று அன்றைக்குத் தெரிந்தது. எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பான், யார் முதலில் கதவைத் திறப்பார்கள் என்றெல்லாம் யோசித்தேன். உன்னிடம் சொன்னால் அடுத்த ரயிலிலேயே வந்து நிற்பாய் என்று மறைத்துவிட்டேன்.

நீ ஏன் வந்து நிற்பாய் என்றும் எனக்குத் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் உன் அம்மா கடைசியாகப் பேசிய அன்று தாசு கையை எடுத்து உன் கையில் வைத்து, "அண்ணன வுட்றாத. சத்தியம் பண்ணு" என்றாள். கல்யாணத்தில் பெண்ணைப் பிடித்துக் கொடுப்பதுபோலப் பிடித்துக் கொடுத்தாள். நீ காலேஜில் இரண்டாவது வருஷம். சத்தியம் செய்தாய். போகிற உயிர் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? அதற்குப் பிறகு உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், பஜ்ஜித் தட்டை வைத்த கையோடு, "எங்கண்ணன் எங்கூடத்தான் இருப்பாரு" என்று நீயே சொன்னாய். எத்தனை பேர் பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனார்கள்! மாப்பிள்ளை மட்டும்தான் இரண்டாவது பஜ்ஜி கேட்டார். தங்கமான மனுஷன். அவர் பெயிண்ட் அடித்த அறையை வேண்டாம் என்கிறேனே என்று எனக்கு உறுத்துகிறது.

அந்தச் சத்தியத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் அம்மா நல்லவள்தான், ஆனால் அன்றைக்கு அவள் கேட்டது நியாயம் இல்லை. அவளுக்கு வேறு வழி தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நம் ஜனங்கள் எல்லாருக்கும் தெரிந்த திட்டம் இது ஒன்றுதான்: கூடப் பிறந்தவர்களில் யாராவது ஒருவர் தலையில் கட்டு, கண்ணை மூடு. பெண்ணாக இருந்தால் சத்தியம் வாங்கு, பையனாக இருந்தால் வீட்டை எழுதிவை. நானும் அதையே திட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உன் அம்மா பெயரால் அவள் புருஷன் சொல்கிறேன், அந்தச் சத்தியம் உன்னை இனிக் கட்டாது. அவள் இருந்திருந்தால் என்னோடு சண்டை போட்டிருப்பாள். போடட்டும், நான் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

உனக்குப் பாரம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. போன வருஷம் என் கண் ஆபரேஷனுக்காக தாசு ஒரு மாதம் உன்னிடம் இருந்தான் இல்லையா? உன்னைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நெய் ஊற்றித்தான் சோறு போட்டாய். நான் வந்து பார்த்தபோது கன்னம் உப்பியிருந்தது. ஆனால் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே கார் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். லிப்ட் பக்கம் போனால் வாட்ச்மேன் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார், பாவம், அது அவர் வேலை. எதிர்வீட்டு அம்மா "ஸ்பெஷல் சைல்டு" என்று மெதுவான குரலில் அன்பாகச் சொன்னார். நாற்பது வயதுக்காரனை! இங்கே அப்படி யாரும் சொல்வதில்லை. டீக்கடையில் "இன்னா தாசு, இன்னிக்கி லேட்டு? மொதலாளி சம்பளத்த புட்ச்சிருவாரு" என்று கலாய்ப்பார்கள், அவன் "போடா" என்பான். அந்த ஒரு "போடா"வை உன் வீட்டில் இருந்த மாதம் முழுதும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. நம் பகுதியை நான் உயர்த்திப் பேசவில்லை. இங்கே புழுதி இருக்கிறது, கம்பெனி நாற்றம் இருக்கிறது, மழை வந்தால் வீட்டுக்குள் கலீஜ் தண்ணீர் வருகிறது. அவன் செருப்பைத் தூக்கி சாக்கடையில் போட்டுச் சிரித்த பையன்களும் இந்தத் தெருக்காரர்கள்தான். ஆனால் அவன் திட்டுவதற்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

காய்ச்சல் விட்டதும் நான் முதலில் போனது கரீம் பாயிடம்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் துணி வியாபாரம். அவர் மகன் இம்ரானும் சென்டரில்தான் கவர் ஒட்டுகிறான். தாசு பேசாததையெல்லாம் சேர்த்து அவன் பேசிவிடுவான். பாய்க்கு மூத்தது ஒரு பெண் துபாயில் இருக்கிறது, அதுவும் உன்னைப் போலத்தான், அழைத்துக்கொண்டு போகிறேன் என்று துடிக்கிறது. நான் காய்ச்சல் கதையைச் சொன்னதும் அவர் மீட்டர் கோலைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு சுகரு, ஒனக்கு முட்டி. ரெண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாச்சி நைனா, வண்டி எப்பன்னுதான் தெரில. நம்ம கீறப்பவே இவனுங்களுக்கு ஒரு வூடு பாத்துரணும்" என்றார்.

அப்படித்தான் தேரடிப் பக்கம் சென்டருக்கு நடக்கிற தூரத்தில் தரைத்தள வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து விஜயாவும் அவள் புருஷன் குமாரும் வந்து தங்க ஒத்துக்கொண்டார்கள். விஜயா சென்டரில் ஆயாவாக இருந்தவள், தாசுவையும் இம்ரானையும் தெரியும். குமார் மூட்டை தூக்கித் தோள் போனவர். விஜயா தேவதை ஒன்றும் கிடையாது. கோபக்காரி, சீரியல் நேரத்தில் கூப்பிட்டால் கடிப்பாள். ஆனால் கோபம் வந்தால் வாயைத்தான் நீட்டுவாள், கையை நீட்டிப் பார்த்ததில்லை. வாடகைக்கும் சம்பளத்துக்கும் இரண்டு வீட்டிலிருந்தும் ஏற்பாடு செய்தோம். எனக்குப் பிறகு பென்ஷன் தாசுவுக்கு வருகிறமாதிரி எழுதிக் கொடுத்தாயிற்று. தாசு மாதிரிப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டால் பெற்றவன் கையெழுத்துக்கூடத் தானாகச் செல்லாது, காப்பாளர் என்று கலெக்டர் ஆபீஸ் கமிட்டியில் மனு போட்டு வாங்க வேண்டும் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அதையும் அலைந்து முடித்தோம். எல்லாம் தயார் என்று நான் நினைத்தபோதுதான் பாய் அந்த யோசனையைச் சொன்னார்.

"ஹார்பர்ல புது கிரேன் வந்தா இன்னா பண்ணுவீங்க? சும்மா சரக்க மாட்டிருவீங்களா?"

"வெயிட்டு கட்டித் தூக்கிப் பாப்போம்."

"அத்தான் நைனா. நம்ம செத்துப் பாக்கணும்."

ஒரு வாரம் நாங்கள் இரண்டு பேரும் செத்துப்போனதாக வைத்துக்கொள்வது. பையன்கள் தேரடி வீட்டில். போன் கிடையாது, எட்டிப் பார்க்கக் கூடாது, விஜயா எங்களைக் கூப்பிடக் கூடாது. உயிரோடு இருக்கிறவன் பக்கத்தில் இருந்தால் அது ஒத்திகையே ஆகாது என்பது அவர் கட்சி. கிறுக்குத்தனம் என்றேன். பிறகு, அந்த லுங்கி நனைந்து காய்ந்திருந்தது நினைவுக்கு வந்தது, சரி என்றேன். உன்னிடம் பெரம்பூரில் சிநேகிதன் வீட்டு விசேஷம், போன் எடுக்க முடியாது என்று சொன்னது பொய். எம்.சி. ரோட்டில் பாயின் மச்சான் துணிக்கடைக்கு மேலே, துணிக் கட்டுகளுக்கு நடுவே, இரண்டு பிணங்கள் பாய் விரித்துப் படுத்திருந்தோம்.

முதல் நாள் நான் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் என் வாழ்க்கையில் தூங்கியதில்லை. மதியம் எழுந்து, "செத்தா இவ்ளோ தூக்கம் கிடைக்கும்னா சாவு ஒண்ணும் மோசமில்ல பாய்" என்றேன். "அப்டி சொல்லாத நைனா, மேல ஒருத்தன் கேட்டுகினு கீறான்" என்று பயந்துபோய்க் காதைத் தொட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் தூக்கம் வரவில்லை. குளிப்பாட்டும் நேரத்துக்குக் கை தானாக எழுந்து மக்கைத் தேடியது. யாருக்கும் பொத்தான் போட வேண்டாம், யாரையும் சாப்பிடு என்று சொல்ல வேண்டாம், என்ன செய்வதென்றே தெரியவில்லை. போனை எடுத்தேன். "செத்தவன் போன் பண்ணுவானா? கம்முனு படு" என்று பாய் பிடுங்கிக்கொண்டார். அப்படிச் சட்டம் பேசியவர், அடுத்த நாள் தொழுகைக்கு என்று போய் ரொம்ப நேரம் கழித்து, வியர்த்து, முகம் தொங்கிப்போய் வந்தார். தேரடி வரை போய் கேட் சந்து வழியாகப் பார்த்திருக்கிறார்.

"அயுதுகினு கீறானான்னு பாக்கப் போனேன் நைனா. சிரிச்சிகினு கீறான். குமாரு கூட கேரம் ஆட்றான்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார். நம்மைத் தேடி அழ வேண்டாம் என்றுதான் இவ்வளவும் செய்கிறோம். அழவில்லை என்று தெரிந்தால் இப்படி ஆகிவிடுகிறது.

வாரம் முடிந்து நான் தேரடிக்குப் போனேன். சாயங்காலம். ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் அவன் எப்படி ஓடி வருவான் என்று நினைத்துக்கொண்டே போனேன். தாசுதான் கதவைத் திறந்தான். சவரம் செய்திருந்தான், தாடையில் ஒரு சின்ன வெட்டு. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது, அவனே போட்டிருக்க வேண்டும். உள்ளே கேரம் காய் சத்தமும் இம்ரான் கத்துவதும் கேட்டது. என்னைப் பார்த்தான். ஜாங்கிரிப் பெட்டியை வாங்கிக்கொண்டான். "நாள்க்கி வா" என்றான். கதவைச் சாத்திவிட்டான்.

ரேஷன் கடையிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை எத்தனையோ பேர் என்னிடம் சொன்ன வார்த்தைதான். என் பிள்ளை சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, வலிக்கவும் வலித்தது. என் உடம்பிலிருந்து ஏதோ ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது, இறக்கிய இடத்தில் காந்தியது.

அப்போது விஜயா வெளியே வந்தாள். எனக்கு டீ கொண்டுவருகிறாள் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்திருந்தாள்.

"யோவ் பெர்சு, சனிக்கெயம இன்னா ஆச்சின்னு தெரியுமா ஒனக்கு? தாசு காணாம பூட்டான்யா."

எனக்கு உயிரே போய்விட்டது. சனிக்கிழமை சென்டர் லீவு. மதியச் சோறு ஆனதும் விஜயா கொஞ்சம் கண் அயர்ந்திருக்கிறாள், குமார் மாத்திரை வாங்கப் போயிருக்கிறார். எழுந்து பார்த்தால் தாசு இல்லை. கோயில் பக்கம் தேடி, நம் வீட்டுப் பூட்டைப் பார்த்து, கடற்கரை கல்லு வரைக்கும் ஓடி, ஆட்டோ ஸ்டாண்டில் அழுதிருக்கிறாள். எனக்கும் பாய்க்கும் மாற்றி மாற்றிப் போன் போட்டிருக்கிறாள். இரண்டும் அணைத்துக் கிடந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வாசலில் நின்று, தாசு இறங்கியிருக்கிறான். சட்டையெல்லாம் வாழைத்தண்டு சூப். கையில் ஒரு பொட்டலம், அது இம்ரானுக்கு. ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் அத்தோ வண்டிக்குப் போய்விட்டு வந்திருக்கிறான்.

உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அம்மா இருந்தவரை சனிக்கிழமையானால் உங்கள் இருவரையும் அந்த வண்டிக்குக் கூட்டிப்போவாள். பர்மாக்காரர் அத்தோவுக்கு நூடுல்ஸைக் கையால் பிசைவதைத் தாசு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் போன பிறகு அவன் "அத்தோ" என்று கேட்கும்போதெல்லாம் நான் பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தேன். கூட்டத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பேஜாராக இருந்தது. சென்டரில் கொடுக்கிற வாரக்கூலியையும் நான்தான் வாங்கி வைப்பேன். அந்த வாரம் அதை எடுத்து வைக்கச் சொல்லி விஜயாவிடம் யாரும் சொல்லாததால், வாங்கி அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள். காசு இருந்தது, வேண்டாம் என்று சொல்ல நான் இல்லை, வழி அவனுக்கு எப்போதும் தெரிந்திருந்தது. கிளம்பிவிட்டான். சாப்பிடு என்று சொல்லாததால் நாள் முழுக்கப் பட்டினி கிடந்தானே, அதே தாசுதான்!

நான் இதை நினைத்துப் படியில் உட்கார்ந்தபடி சிரித்துவிட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. விஜயாவுக்கு இன்னும் ஏறிவிட்டது.

"இன்னாய்யா சிரிக்கிற? அவன் வந்துட்டான், சரி. வரலன்னா? நான் யாருக்குய்யா போன் போடுவேன்? நீயும் பாயும் நெஜமாவே பூட்டீங்கன்னா நான் யாரக் கேப்பேன்? அவனுக்கு ஒடம்பு ஒரு மாரி ஆயிட்சின்னா ஆஸ்பத்திரில யாரு கையெய்த்து போடுவா? வூட்டுக்காரன் காலி பண்ணுன்னா யாரு பேசுவா? நான் ஒயுங்கா பாக்கலன்னா, ஏண்டி பாக்கலன்னு என்னிய யாருய்யா கேப்பா? அத்த சொல்லு மொதல்ல. இல்லன்னா எனுக்கு இந்த வேல வாணாம்."

அந்த வீட்டுக்கு நாங்கள் எல்லாம் வாங்கிப் போட்டிருந்தோம். கட்டில், மின்விசிறி, வழுக்காத பாத்ரூம் தரை, கேரம் போர்டு. அவள் கேட்ட ஆளை மட்டும் போடவில்லை. நான் இருக்கிறேனே என்று எல்லா இடத்திலும் என் பெயரையே எழுதி வைத்திருந்தேன். நான் இல்லாத காலத்துக்குப் போட்ட திட்டத்தில், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் நானாகவே இருந்தேன். பாயும் அப்படித்தான் செய்திருந்தார். இரண்டு கிழவர்களுக்கும் இது எப்படித் தோன்றாமல் போயிற்று? வெயிட்டு கட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் தோன்றியே இருக்காது.

அதனால் உன்னிடம் கேட்பது இதுதான். அவனை வைத்துக்கொள்ளாதே, அவனுக்குக் கேள்வி கேட்கிற ஆளாக இரு. எனக்குப் பிறகு காப்பாளராக உன் பெயரைப் போட மனு தயாராக இருக்கிறது. பொங்கலுக்கு நீங்கள் இங்கே வாருங்கள், மாப்பிள்ளையோடு உட்கார்ந்து யோசித்து, இஷ்டம் இருந்தால் கையெழுத்துப் போடு. அழுத்தம் கிடையாது, நீ வேண்டாம் என்றால் பாயும் நானும் வேறு ஆள் பார்ப்போம். போட்டால், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நில். வந்தால் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிராதே, பாத்ரூமைப் பார், அவன் நகத்தைப் பார், முதுகைப் பார். இம்ரானிடம் கேள், அவன் வாயில் எதுவும் நிற்காது. விஜயாவோடு சண்டை போட வேண்டிய இடத்தில் போடு, சம்பளம் உயர்த்த வேண்டிய நேரத்தில் அவள் கேட்குமுன் உயர்த்து. இந்த ஏற்பாடே ஒரு நாள் கெட்டுப்போகலாம். குமாரின் தோள் இன்னும் போகலாம், வீட்டுக்காரர் இடித்துக் கட்டலாம். அப்போது வேறு வீடு பார், வேறு ஆள் பார், அப்பா போட்ட திட்டமாச்சே என்று பார்க்காதே. அந்த மஞ்சள் அறையைப் பூட்டி வைக்காதே, பேரப்பிள்ளை படுக்கட்டும். மே மாதத்தில் தாசு மாமா விருந்தாளியாக வருவான், நாலு நாள் நெய்ச்சோறு தின்றுவிட்டுத் திரும்பி வருவான்.

இது நன்றாக வருமா என்று எனக்குத் தெரியாது அம்மா. தெரியும் என்று சொன்னால் பொய். தாசு தேரடியிலேயே தங்கிவிட்டான். நான் இன்னும் நம் வீட்டில்தான் படுக்கிறேன், தினமும் சாயங்காலம் தேரடிக்குப் போய்ப் பார்க்கிறேன். சில நாள் உள்ளே விடுகிறான், சில நாள் நாளைக்கு வரச் சொல்கிறான். காலையில் சீக்கிரம் விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து செய்ய வேலை இல்லை. பழகிவிடும்.

அன்றைக்கு படியில் உட்கார்ந்திருந்தபோதே விஜயாவிடம் உன் நம்பரைக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான். அடுத்த வாரம் ஏதோ ஒரு நாள் அவள் உனக்குப் போன் போடுவாள். நான்தான் போடச் சொல்லியிருக்கிறேன். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. தாசுவுக்குச் சளி, டாக்டரிடம் போகவா என்பாள், இல்லை, மறுபடி ராயபுரம் போகணும் என்று கேட்கிறான், தனியாக விடவா என்பாள். நான் இங்கேதான், நாலு தெரு தள்ளி, உயிரோடு உட்கார்ந்திருப்பேன். என்னைக் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். பதில் தெரியாவிட்டால் யோசித்துச் சொல், தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. "அப்பாவைக் கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே.

அப்பா